பழைய மேசை ரம்பம் வாங்கலாமா? பெங்களூருவின் மாடி வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர் இரண்டு மூன்று அலமாரிகளைக் கைரம்பத்தால் அறுத்து முடித்ததும், மேசையின் நடுவே சுழலும் பிளேடு நீட்டிக்கொண்டிருக்க, பலகையை அதன் மீது தள்ளி அறுக்கும் மேசை ரம்பத்தின் மீது கண் வைக்கத் தொடங்குவார். புதியதின் விலையைக் கேட்டதும் அந்தக் கண் பழைய சாமான் விற்பவர்களின் பக்கம் திரும்பும். லிங்கராஜபுரத்தில் 30க்கு 40 மனையில் கட்டிய வீட்டின் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, மேலே தகரக் கொட்டகை போட்ட மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் பலகை இழைக்கும் எனக்கும் அதுவே நேர்ந்தது. பழைய இயந்திரங்கள் இரண்டை நேரில் போய்ப் பார்த்தேன். கையில் பிடித்து அறுக்கும் புதிய வட்ட ரம்பம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கனமான அறுப்பை மரவாடிக்கே விட்டுவிடும் வழியையும் அவற்றோடு சேர்த்து எடைபோட்டேன்.

முதலாவது, காமாட்சிபாளையாவில் மூடப்பட்ட ஒரு மரச்சாமான் பட்டறையில் கிடந்த இரும்பு இயந்திரம். உள்ளூர்ப் பட்டறையில் வார்த்த கனத்த மேசை, 3 குதிரைத்திறன் மோட்டார், வி-பெல்ட், 12 அங்குல பிளேடு. இத்தகைய இயந்திரத்தின் பெரும் நன்மை அதன் எடையே: அதிர்வை அந்த இரும்பு விழுங்கிவிடுவதால் அறுபட்ட விளிம்பு சுத்தமாக வரும், மோட்டாரும் காதைத் துளைக்காமல் உறுமும். மேலும், அதில் பழுதாகக்கூடியது எதுவாக இருந்தாலும் நம் ஊரிலேயே சரிசெய்துவிடலாம். மோட்டார் எரிந்தால் காயில் கட்டித் தருவதற்குத் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பேரிங் தேய்ந்தால் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லிக் கடையில் வாங்கிவிடலாம்.

ஆனால் அது மூன்று ஃபேஸ் மோட்டார். என் வீட்டுக்கு வருவதோ ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட். ஸ்டார் இணைப்பில் ஓடும் சிறிய மோட்டார்களின் சுருள்களைக் குறைந்த வோல்ட்டில் ஓடும் டெல்டா இணைப்புக்கு மாற்றி, ஒற்றை ஃபேஸிலிருந்து மூன்று ஃபேஸை உண்டாக்கும் விஎஃப்டி கருவியின் வழியாக ஓட்டுவதற்கு வழி உண்டு. இதன் பெயர்ப்பலகையில் 415 வோல்ட் டெல்டா என்றே பொறித்திருந்ததால் அந்த வழி அடைபட்டது. மோட்டாரையே மாற்றினால், ஒற்றை ஃபேஸில் 3 குதிரைத்திறன் என்பது முழுச் சுமையில் 14, 15 ஆம்பியரை இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைப் போல நான்கைந்து மடங்கு. 16 ஆம்பியர் பிளக்கை நம்பி அதை மாட்ட எனக்குத் துணிவில்லை. மாடிப்படியில் அதை ஏற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொன்று. பிளேடின் மேல்மூடியைக் காணவில்லையே என்று கேட்டபோது, உரிமையாளரான தருமபுரிக்காரர் சுவரோரத்து அலமாரியைக் காட்டினார். அந்த மூடி அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டு, பாதி அளவுக்குத் துருப்பிடித்த ஸ்குரூக்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. “அதெல்லாம் இருந்தா வேலை ஓடாது சார், வந்த அன்னைக்கே கழட்டிட்டோம்” என்றார். பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ரைவிங் நைஃப் என்ற சிறு தகடு அந்த இயந்திரத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

பழைய மேசை ரம்பம் பார்க்கப் போகிறவர்கள் இந்தச் சிறு தகட்டைத்தான் முதலில் தேட வேண்டும் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிளேடின் முன்புறப் பற்கள் பலகையை மேசையோடு அழுத்தி அறுக்கின்றன. பின்புறப் பற்களோ கீழிருந்து மேலெழுந்து நம்மை நோக்கித் திரும்பி வருகின்றன. அறுபட்ட பலகை, உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து வளைந்து பிளவை மூடினாலோ, பக்கத் தடுப்பான ஃபென்ஸ் அதைப் பிளேடின் மீது சாய்த்தாலோ, அந்தப் பின்பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். 254 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3650 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்கு 48 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 175 கிலோமீட்டர். பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை அந்த இழுப்பில் எங்கே போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கி, பிளவு மூடாமல் காக்கும் ரைவிங் நைஃப் இதைப் பெருமளவு தடுக்கிறது. அதன் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் பிளவைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பதால், தொலைந்துபோனால் வேறொரு இயந்திரத்தினுடையதை எடுத்து மாட்டிவிட முடியாது.

இரண்டாவது, வொயிட்ஃபீல்டு அடுக்குமாடி ஒன்றில், வெளிநாட்டுக்கு இடம்பெயரும் மென்பொருள்காரர் விற்கும், தூக்கிச் செல்லக்கூடிய மேசை ரம்பம். அடிப்பகுதியில் வைத்திருந்த மேல்மூடி இன்னும் பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிக்கப்படவில்லை என்றாலும், ரைவிங் நைஃப் அதன் இடத்திலேயே இருந்தது. இந்த வகையில் 10 அங்குல பிளேடும் கார்பன் பிரஷ் மோட்டாரும் இருக்கும். எடுத்துக்காட்டாக, போஷ் ஜிடிஎஸ் 10 ஜே மாடலின் மோட்டார் 1800 வாட்; அது வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். இருவர் சேர்ந்தால் மாடிக்கு ஏற்றிவிடலாம்.

பிளேடு மேசைக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்து, அந்தப் பல் முன்பக்கம் இருக்கும்போது மேசையில் நீளவாக்கில் வெட்டியிருக்கும் பள்ளத்திலிருந்து அதன் தூரத்தை அளந்தேன்; பிறகு பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடியும் அளந்தேன். வேறுபாடு ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை. ஃபென்ஸ் மட்டும் பின்முனையில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தது. பலகையைக் கவ்வ வைப்பதற்கு அதுவே போதும் என்றாலும், நான்கு போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யக்கூடிய குறைதான். பிளேடைப் பக்கவாட்டில் அசைத்தபோது ஆட்டம் ஏதும் தெரியவில்லை. மோட்டாரை ஓடவிட்டபோதுதான் சந்தேகம் வந்தது: காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் பிரஷ் உரசும் இடத்தில் பொறி சிறு புள்ளியாக நிற்காமல் வளையமாகச் சுற்றியது. தேய்ந்த பிரஷ் என்றால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மோட்டாருக்குள் சுழலும் சுருளான ஆர்மெச்சூர் போயிருந்தால் பழையது வாங்கி மிச்சப்படுத்திய பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பிளேடும் 60 பல் கொண்டது, பிசின் ஏறிக் கறுத்திருந்தது. நீளவாக்கில் கட்டை அறுப்பதற்கு 24 பல் பிளேடு ஒன்றைத் தனியாக வாங்கியாக வேண்டும். இத்தனைக்கும் அவர் சொன்னது புதியதின் விலையில் அறுபது சதவீதம். புதியதோடு கிடைக்கும் பில்லும் உத்தரவாதமும் இதில் கிடையாது.

இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க பிளேடுக்கு முன்னால் 8 அடியும் பின்னால் 8 அடியும் தேவை. என் கொட்டகை 18 அடி என்பதால் மயிரிழையில் தப்பித்தேன். ஓசையிலிருந்து தப்பிக்க வழியில்லை. பிரஷ் மோட்டார்கள் அலறும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. வீட்டுக்கார அம்மாவின் மதியத் தூக்கம் அதைவிடக் கறாரானது.

மூன்றாவது வழி பார்வைக்கு எளியது: 7 அங்குல வட்ட ரம்பம், நேரான அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று, இரண்டு கிளாம்புகள், தரையில் விரிக்கத் தடித்த தெர்மாகோல். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் முழு ஷீட், அதாவது 8க்கு 4 அடி, முப்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அதைச் சிறிய மேசை ரம்பத்தின் மீது ஒருவராகத் தள்ளுவது ஆபத்தும் கோணலும் சேர்ந்த வேலை. ஷீட்டைக் கிடத்திவிட்டு ரம்பத்தை அதன் மேல் நகர்த்துவதுதான் முறை. குழாயைக் கவனமாகக் கட்டினால் ஒரு மில்லிமீட்டருக்குள் நேர்கோடு வருகிறது. கட்டை மரத்துக்கு மைசூர் சாலை டிம்பர் யார்டு பக்கம் போனால், சில்வர் ஓக்கையோ தேக்கையோ வேண்டிய கனத்துக்கு அறுத்துத் தருவார்கள். பரப்பு சொரசொரப்பாகவே வரும் என்பதால் இழைப்புளிக்கென்று 3 மில்லிமீட்டர் கூட்டிச் சொல்ல வேண்டும், லாரி கணக்கில் வாங்குபவர்கள் முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரே அகலத்தில் இருபது மெல்லிய பட்டிகள் தேவைப்படும்போது இந்த வழி கைவிரித்துவிடும். அங்கேதான் மேசை ரம்பத்துக்கு ஈடில்லை.

வட்ட ரம்பத்தையே பிளைவுட் மேசையின் அடியில் தலைகீழாகத் திருகி, சுவிட்சைக் கம்பியால் கட்டி ஓட்டும் பழக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பரவலாக உண்டு. மூடியும் இல்லாமல் ரைவிங் நைஃபும் இல்லாமல் ஓடும் அதை நான்காவது வழியாக எண்ண நான் தயாராக இல்லை.

தரைத்தளத்தில் சொந்தக் கொட்டகையும் மூன்று ஃபேஸ் இணைப்பும் உள்ளவர், ஓசூரிலோ கோலார் தங்கவயலிலோ இருந்தால், காமாட்சிபாளையா இயந்திரத்தைத் தயங்காமல் எடுக்கலாம் என்பேன். அதிலும் பிளேடு நிலையாக இருந்து மேசை மட்டும் ஏறி இறங்கும் அமைப்பாக இருந்தால், பிளேடின் கனத்துக்கேற்ற தகடு ஒன்றை ஒரு நல்ல பட்டறையில் சட்டத்தோடு பொருத்திக்கொள்ள முடியும். எனக்கோ, சென்ற ஆண்டு செய்தவற்றை எண்ணியதிலேயே விடை கிடைத்துவிட்டது: இரண்டு அலமாரிகள், ஒரு செருப்பு ஸ்டாண்டு, ஒரு டிவி மேசை, நான்குமே பிளைவுட்; கட்டை மரத்தில் செய்தவை இரண்டு முக்காலிகள் மட்டுமே. வட்ட ரம்பத்தை வாங்கிவிட்டேன். வொயிட்ஃபீல்டுக்காரரிடம், ஆர்மெச்சூரைக் கடையில் காட்டிச் சோதித்த பிறகு புதியதில் நாற்பது சதவீதம் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.