பி.எஸ்சி. பட்டமா, கிராஃப்ட் கோர்ஸா? செஃப் ஆக நினைப்பவர்களுக்கு ஒரு விமர்சனம்

செஃப் ஆவதென்று முடிவெடுத்தவருக்குத் தமிழ்நாட்டில் அரசு வழியில் நாலு கதவு இருக்கிறது. முதலாவது, ஹாஸ்பிடாலிட்டி அண்ட் ஹோட்டல் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற மூன்றாண்டு பி.எஸ்சி. தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் உள்ள மத்திய அரசின் ஐ.எச்.எம். என்ற ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரியிலும், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில அரசு நிறுவனத்திலும் இருக்கிறது. என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத்தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும். பட்டம் தில்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத்தின் பேரில் வரும். இரண்டாவது, பத்தாம் வகுப்போடு சேரக்கூடிய ஒன்றரை ஆண்டு கிராஃப்ட் கோர்ஸ். சமையலும் பாட்டிசரியும் (கேக், பேஸ்ட்ரி வகைகள்) மட்டும். மூன்றாவது, ஐ.டி.ஐ.யில் ஓராண்டு ஃபுட் புரொடக்‌ஷன் டிரேட். நாலாவது, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹுனர் சே ரோஸ்கார் தக்' திட்டத்தில் குறுகிய கால இலவசப் பயிற்சி. தனியார் கல்லூரிகள் இங்கே பேர் சொல்லி வரவில்லை. ஆனால் கீழே உள்ள அளவுகோல் அவற்றுக்கும் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சமையலறையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு, கட்டிய காசுக்கு நியாயம் செய்வது கிராஃப்ட் கோர்ஸ்தான். பட்டம் மோசமான சரக்கு இல்லை. ஆனால் அதன் பலன் ரொம்பத் தள்ளித்தான் கைக்கு வரும், அதுவரை தாக்குப்பிடிக்கிறவருக்குத்தான் வரும்.

பி.எஸ்சி.யைச் சமையல் படிப்பென்று நினைத்துச் சேர்பவர்கள் நொந்துபோகிறார்கள். அது ஹோட்டல் நடத்தும் படிப்பு. முதல் ஆண்டில் காய் வெட்டக் கற்கும் அதே வாரத்தில் மெத்தை விரிக்கவும், மேஜையில் கட்லரி அடுக்கவும், ரிசப்ஷனில் ரிசர்வேஷன் போடவும் கற்றுத் தருகிறார்கள். இரண்டாம் ஆண்டில் பெருவாரிச் சமையலும் இந்திய வட்டாரச் சமையலும் வரும். லார்டர் (குளிர் உணவுத் தயாரிப்பு), சார்குட்டரி (பதப்படுத்திய இறைச்சி), பிரெட், சாக்லேட் போன்ற செஃப்புக்கு ருசியான பகுதிகள் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் 17 வாரம் ஹோட்டலில் தொழிற்பயிற்சி. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்றாம் செமஸ்டரிலும் மறு பாதியை நாலாவதிலும் அனுப்புவார்கள். அந்த 17 வாரத்தையும் நாலு துறைகள் பங்கு போட்டுக்கொள்வதால் சமையலறைக்குக் கிடைப்பது சுமார் நாலு வாரம்தான். அதில் முதல் வாரம் பூண்டு உரிப்பதிலும் இன்டென்ட் (கிச்சன் எழுதிக் கேட்ட சரக்கு) எடுக்க ஸ்டோருக்கு ஓடுவதிலும் போய்விடும். ஒரு செக்‌ஷனின் மிசான்ப்ளாஸ் (சமைக்குமுன் செய்யும் முன்தயாரிப்பு) மனதில் பதியும் நேரத்தில் ஹவுஸ்கீப்பிங்குக்குப் போகச் சொல்லி லெட்டர் வரும். விவரமான மாணவர்கள் பயிற்சி மேலாளரிடம் முதல் நாளே பேசி, மிச்சம் விடப்படும் ஓரிரு வாரங்களையும் கிச்சனுக்கே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

கிராஃப்ட் கோர்ஸில் இந்தச் சிதறல் இல்லை. ஓராண்டு நிறுவனத்துக்குள் சமையல், பேக்கரி, சுகாதாரம், ஸ்டோர் வேலை. பிறகு ஏறத்தாழ ஆறு மாதம் ஹோட்டல் கிச்சனிலேயே பயிற்சி. ஆறு மாதம் என்பது கார்ட் மான்ஜே (குளிர் உணவு), ஹாட் ரேஞ்ச் (சூடான சமையல்), தந்தூர், பேக்கரி என்று நாலு செக்‌ஷனைத் தொட்டுப் பார்க்கப் போதுமான காலம். ஒரு செஃப் இந்தப் பையன் தேறுவான் என்று முடிவெடுக்கவும் அவ்வளவு காலம் வேண்டும். பயிற்சி முடியும்போதே அதே கிச்சனில் கமி 3 (கடைநிலைச் சமையலர்) ஆகச் சேர்ந்துவிடும் வாய்ப்பு இந்த வழியில்தான் அதிகம்.

இரண்டு படிப்புக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. பிராக்டிகல் வகுப்பில் மெனு பெரும்பாலும் நாலு போர்ஷனுக்குத்தான். 200 கிராம் பாஸ்மதிக்கு இரண்டு மடங்கு தண்ணீர் வைத்து புலாவ் செய்து பழகிய கை, பாங்க்வெட் (விருந்து) கிச்சனில் 10 கிலோ அரிசிக்கும் 20 லிட்டர் ஊற்றினால் களிதான் கிடைக்கும். நீர் ஆவியாவது பாத்திரத்தின் மேற்பரப்பைப் பொறுத்தது. அரிசியின் அளவு ஐம்பது மடங்கு ஏறும்போது மேற்பரப்பு அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஊறவைத்த அரிசி என்றால் ஒன்றுக்கு ஒன்றரை, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. பட்டை கிராம்பையும் அப்படியே ஐம்பதால் பெருக்கினால் வாசனை மூக்கைத் துளைக்கும். முதலில் முக்கால் பங்கு போட்டு ருசி பார்த்து ஏற்ற வேண்டும். பெஷமெல் என்ற வெள்ளை சாஸும் இதே கதைதான். ஒரு லிட்டர் பாலுக்கு 50 கிராம் வெண்ணெய், 50 கிராம் மைதா என்பது மேஜை அளவில் சுலபம். 20 லிட்டரில் இரண்டு கிலோ ரூவை (வெண்ணெயில் வறுத்த மைதா) தனியாகச் செய்து சற்று ஆறவிட்டு, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாவிட்டால் மேலே கட்டி, அடியில் தீய்ந்த வாடை. தீய்ந்தபின் காப்பாற்ற வழியே இல்லை, மொத்தமும் கொட்டத்தான் வேண்டும். இதையெல்லாம் பாடத்திட்டத்தில் ஒரு வரியாக எழுதியிருப்பார்கள். கையால் செய்து பார்ப்பது பயிற்சிக் காலத்தில், அதுவும் பாங்க்வெட்டில் போட்டால்தான்.

பட்டம் கெலிக்கும் இடம் கணக்கு. கொடுவா மீன் முழுசாக 5 கிலோ, கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலை, முள், தோல் போக ஃபில்லெட் 45 சதவீதம் தேறினால் கையில் 2.25 கிலோ. அப்போது ஃபில்லெட்டின் உண்மையான விலை கிலோவுக்கு 1,333 ரூபாய். ஒரு பிளேட்டுக்கு 180 கிராம் வைத்தால் மீனுக்கு மட்டும் 240. ஃபுட் காஸ்ட், அதாவது மெனு விலையில் சரக்குச் செலவின் பங்கு, 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் மெனு விலை 800. வெண்ணெயும் கார்னிஷும் சேர்த்தால் அதற்கும் மேல். வெட்டுகிற கமி கவனமில்லாமல் 40 சதவீதமே தேற்றினால் அதே பிளேட்டின் மீன் விலை 270 ஆகிவிடும். இந்தக் கணக்கை எக்ஸெலில் போட்டு, மாதக் கடைசியில் எஃப் அண்ட் பி (உணவு, பானப் பிரிவு) மேனேஜருக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தவர்தான் சூ செஃப் (துணைத் தலைமைச் சமையலர்) நாற்காலிக்குப் போகிறார். கிராஃப்ட் கோர்ஸ் முடித்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தேங்கிவிடுகிறார்கள். கை அபாரமாக இருக்கும், யீல்டு டெஸ்ட் ஷீட் (எவ்வளவு தேறியது என்ற கணக்குத் தாள்) நிரப்பத் தெரியாது. யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் சில வாரங்களில் பிடிபடுகிற விஷயம் இது. சொல்லிக் கொடுக்கத்தான் யாருக்கும் நேரமிருக்காது.

கிச்சன் ஏணி பெரும்பாலான நட்சத்திர ஹோட்டல்களில் ஒரே மாதிரிதான்: கமி 3, கமி 2, கமி 1, டெமி, சி.டி.பி. (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ செஃப், எக்ஸிகியூட்டிவ் சூ, எக்ஸிகியூட்டிவ் செஃப். பி.எஸ்சி. முடித்தவரும் பெரும்பாலும் கமி படியிலேயே சேர்கிறார். மூன்று வருஷம் படித்தவரும் ஒன்றரை வருஷம் படித்தவரும் ஒரே வாக்-இன் குளிர்பதன அறையில் ஒரே தக்காளிக் கூடையை எண்ணும்போதுதான் பட்டதாரிக்கு எரிச்சல் தொடங்குகிறது. பெரிய குழுமங்களின் மேனேஜ்மென்ட் டிரெய்னி தேர்வு மட்டுமே இதற்கு விதிவிலக்கு, ஓபராய் குழுமத்தின் ஓ.சி.எல்.டி. பயிற்சி மையம் நடத்தும் இரண்டாண்டு கிச்சன் மேனேஜ்மென்ட் பயிற்சி ஓர் உதாரணம். அதில் இடம் பிடிக்கப் பட்டம் கட்டாயம். அந்தக் குறி இருந்தால் பி.எஸ்சி.தான் சரி, மறுபேச்சில்லை.

வேலையில் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் படிக்கும்போது யாரும் சொல்வதில்லை. சம்பளம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது, ஒரே செக்‌ஷனில் மாட்டிக்கொள்வது. தந்தூரில் கை நன்றாக உள்ளவரை அங்கிருந்து எடுக்க எந்த சூ செஃப்புக்கும் மனசு வராது. எடுத்தால் அன்றைய ரொட்டி பிக்அப் தடுமாறும். அவரை விடச் சுமாரானவர் சுற்றிச் சுற்றி எல்லா செக்‌ஷனும் பார்த்து முதலில் சி.டி.பி. ஆகிவிடுவார். இதற்கு ஒரே வழி, அப்ரைசலின்போது "கிராஸ் எக்ஸ்போஷர் வேண்டும், இந்தத் தேதியிலிருந்து, இந்த செக்‌ஷன்" என்று எழுத்தில் கேட்பது. கூடவே தன் இடத்துக்கு ஒரு கமியைப் பழக்கி வைப்பது. அப்படியும் நகரவில்லையென்றால் புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டல்களைப் பார்க்கலாம். ப்ரீ-ஓப்பனிங் டீமுக்கு ஆள் எடுக்கும்போது ஒரு படி மேலே கொடுத்து எடுப்பது சகஜம். ஆறு மாதம் முதுகொடியும், ஆனால் படி கிடைக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை 1958ஆம் ஆண்டு தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. பிரேக் ஷிஃப்டில் காலை பத்து முதல் மூன்று, மாலை ஆறரை முதல் பதினொன்று என்று போட்டால் காகிதத்தில் ஒன்பதரை. க்ளோசிங் முடிந்து வெளியே வர நள்ளிரவு. நடுவில் உள்ள மூன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாத ஆள் லாக்கர் ரூமில்தான் கிடப்பார். வேலைக்குச் சேரும்முன் ஸ்டாஃப் தங்குமிடம் எவ்வளவு தூரம் என்று கேட்பது, சம்பளம் கேட்பதற்குச் சமம். சம்பளத்திலும் ஒரு நுணுக்கம்: சர்வீஸ் சார்ஜ் பங்கைக் காட்டி மொத்தத் தொகையைப் பெரிதாகச் சொல்வார்கள். பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது; 2025இல் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே பேசிக் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

ஐ.டி.ஐ. வழியில் சேர்பவர் அப்ரன்டிஸ்ஷிப்பைத் தவறவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 7,000 ரூபாய் என்று வைத்தது. காசு கட்டிப் பயிற்சி எடுப்பதற்கும் காசு வாங்கிக்கொண்டு எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. ஹுனர் சே ரோஸ்கார் தக் திட்டம் சிறு ஓட்டலில் உதவியாளராக நுழையப் போதும், ஏணி ஏறப் போதாது.

கப்பல் ஆசை காட்டும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணக் கப்பலில் ஒப்பந்தம் வழக்கமாக ஆறு முதல் ஒன்பது மாதம், வாராந்தர விடுமுறை கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு தரவேண்டும், மிச்சமெல்லாம் வேலைதான். ஹோட்டலில் சி.டி.பி.யாக இருந்தவர் பெரும்பாலும் ஒரு படி இறங்கியே சேர்கிறார். எஸ்.டி.சி.டபிள்யூ. (சர்வதேசக் கடலோடித் தகுதி விதிகள்) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. (கடலோடி அடையாளப் புத்தகம்), மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கான செலவு நம்முடையது. வேலை வாங்கித் தருவதற்கென்று ஏஜென்ட் ஒரு ரூபாய் கேட்டாலும் அது அந்த உடன்படிக்கைக்கு விரோதம். இந்தியா 2015இல் அதை ஏற்றிருக்கிறது. கப்பல் போக்குவரத்து இயக்ககத்தின் ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் ஏஜென்டிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.

எந்தப் படிப்பானாலும் ஃபீஸ் கட்டுவதற்குமுன் நிறுவனத்தின் பிராக்டிகல் கிச்சனை நேரில் பாருங்கள். விடுமுறை நாளில் வேண்டாம், வகுப்பு நடக்கும் நேரத்தில். எக்ஸாஸ்ட் ஓடுகிறதா, ஒரு அடுப்புக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், டில்ட்டிங் பேன் (சாய்த்து ஊற்றும் பெரிய வாணலி) பளபளவென்று புழங்கிக் கிடக்கிறதா அல்லது தூசி படிந்து ஓரமாக நிற்கிறதா, மாணவர் கத்தியில் கூர் இருக்கிறதா. முந்தைய பேட்ச் தொழிற்பயிற்சிக்கு எந்த ஹோட்டல்களுக்குப் போனது, எத்தனை பேருக்கு அங்கேயே வேலை கிடைத்தது என்று ஆபீஸில் கேட்காமல் மாணவர்களிடமே கேளுங்கள். முடிந்தால் சென்ற வாரத்து இன்டென்ட் ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருபது பேர் பேட்ச்சுக்கு மூன்று கோழி என்று எழுதியிருந்தால், வெட்டிப் பழகியவர்கள் மூன்று பேர். மற்ற பதினேழு பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.