சோலார் மோட்டாரா, மழைநீர்த் தொட்டியா?

மறைபரப்பு ஞாயிறு, அதாவது கத்தோலிக்கக் கோயில்களில் மறைப்பணிக்காகக் காணிக்கை எடுக்கும் ஞாயிறு, அன்று சேரும் பணம் வழக்கம்போல் ஆயர் இல்லத்துக்குப் போய்விடும். நான் சொல்லப்போவது நாங்கள் தனியாகத் திரட்டிய பணத்தைப் பற்றி. சாயல்குடிக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருக்கும் எங்கள் பங்கிலிருந்து பப்புவா நியூ கினிக்குப் பணிக்குப் போன அருள்சகோதரி ஒருவர், மலைமேல் உள்ள ஒரு பழங்குடிக் கிராமத்தின் குடிநீருக்கு உதவி கேட்டார். அந்த நாட்டின் முதல் புனிதரான பீட்டர் டோ ரோட்டுக்கு 2025 அக்டோபர் 19 அன்று, மறைபரப்பு ஞாயிறன்றே, பட்டம் கொடுத்தார்கள். அவர் ஓர் உபதேசியார், அதாவது மறைக்கல்வி கற்றுத்தருபவர். எங்கள் ஊர் உபதேசியார்களை நினைத்துக்கொண்டே நிறைய பேர் பணம் போட்டார்கள்.

பங்குப் பேரவையில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, ஆழ்துளைக் கிணறும் சோலார் மோட்டாரும். இன்னொன்று, பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையிலிருந்து மழைநீர்த் தொட்டி. நான் தொட்டிக்குத்தான் கை தூக்கினேன், முடிவும் அதுவே ஆனது.

கிணற்றின் நன்மை எல்லோருக்கும் தெரியும். மழை இல்லாத மாதத்திலும் தண்ணீர் வரும், குழாயைத் திறந்தால் போதும். செலவு தொட்டியைவிடப் பல மடங்கு. அதைக்கூட எப்படியாவது திரட்டியிருப்போம்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. எங்கள் ஊரில் நாணயம் போட்டுத் தண்ணீர் பிடிக்கும் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வைத்தார்கள். உள்ளே இருக்கும் சவ்வை மாற்ற ஆள் வரவில்லை, கதவு பூட்டியே கிடக்கிறது. பெண்கள் மறுபடியும் குடத்தோடு ஊருணிக்குப் போகிறார்கள். ரோடும் பஸ்ஸும் இருக்கிற ஊரிலேயே இந்த நிலை. அந்த மலைக்கிராமத்துக்குச் சாலையே கிடையாது. சிறு விமானம், இல்லாவிட்டால் நடை. மோட்டாரோ கன்ட்ரோலரோ பழுதானால் மெக்கானிக் விமானத்தில்தான் வர வேண்டும். அந்தச் செலவை வருடாவருடம் நாங்கள் தருவோம் என்று சொல்ல முடியுமா? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் உண்டியலே காய்ந்துவிடும்.

தொட்டியில் கெட்டுப்போக அதிகம் இல்லை. கூரை ஓரத்து வாய்க்கால் தகட்டில் சேரும் இலையை அள்ள வேண்டும், வடிகட்டும் வலையை மாற்ற வேண்டும், முதல் மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும். ஊராரே செய்துகொள்ளலாம். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கணக்குப்படி 1,000 லிட்டர்; சிந்தியது போக 800 லிட்டராவது தேறும். அந்நாட்டு மலைப்பகுதிகள் பலவற்றில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும், நம் ராமநாதபுரம் மாவட்டத்தைப் போல் இரண்டு பங்குக்கும் மேல். பெரிய தொட்டி சிறு விமானத்தின் கதவில் நுழையாது. அதனால் சிறியதாக நான்கு.

கூரை வேண்டும் என்பது ஒரு குறைதான். அங்கே வீடுகள் புல் வேய்ந்தவை, தகரம் பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும். தூரத்து வீட்டுக்காரர்கள் சுமந்துதான் போக வேண்டும்.

அப்புறம் வறட்சி. 1997-லும் 2015-லும், பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி மழையைக் குலைக்கும் எல் நினோவால் அந்த மலைநாடே காய்ந்தது. அப்படி ஒரு வருடம் வந்தால் நான்கு தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய ஓடைக்குப் போகும் பாதையைப் புதர் மண்ட விடாதீர்கள் என்று சகோதரிக்கு எழுதியிருக்கிறோம்.