வராத நாளில் யார் விசாரிப்பார்கள்? மூன்று வகைக் கூட்டங்கள், ஒரு அலசல்

குடியை விட்டு மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. தொடக்கத்தில் ஒன்றரை மாதம், எந்தக் கூட்டத்தில் போய் உட்காருவது என்று முடிவு செய்யாமல் மாறி மாறிப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் நேரில் நடக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு) கூட்டம், இணையவழி ஏஏ கூட்டம், அப்புறம் ஸ்மார்ட் ரிகவரி என்ற இன்னொரு அமைப்பின் கூட்டம். கடைசியில் நிலைத்தது முதலாவதில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடித்துவந்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வெறும் கைநடுக்கத்தோடு முடிந்துவிடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், பிறகுதான் கூட்டம்.

பணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏஏவில் கட்டணமே கிடையாது, விரும்பினால் கொஞ்சம் போடலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். ஸ்மார்ட்டிலும் காசு ஒரு தடையாக இருக்கவில்லை.

ஸ்மார்ட் ரிகவரி 1994-இல் தொடங்கியது. ஏஏவில் இருப்பதுபோல் உயர்சக்தி ஒன்றை நம்பிப் பிடித்துக்கொள்வது, மீள்வதற்கான பன்னிரண்டு படிகள் எதுவும் இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் பயிற்சிகள்தான் அடிப்படை. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், குறுக்கே கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். ஏஏவில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதே வழக்கம். ஸ்மார்ட்டில் கற்றுக்கொண்ட நாலு கட்டத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது: குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம், குடிக்காவிட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம். ‘லாபம்’ கட்டத்தை நேர்மையாக நிரப்பியபோதுதான் எதற்காகக் குடித்தேன் என்று எனக்கே புரிந்தது. ஆனால் நான் போனது மூன்றே முறை, அதுவும் இணையத்தில். எட்டும் தூரத்தில் நேர்க்கூட்டம் கிடைத்திருந்தால் என் முடிவு மாறியிருக்குமோ என்னவோ.

இணையவழி ஏஏவின் வசதி சொல்லாமலே தெரியும். நள்ளிரவிலும் உலகத்தில் எங்காவது ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வெளியே நடமாட முடியாதவர்களுக்கும் சில சமயம் அது ஒன்றே வழி. எனக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்றால், ஒருநாள் கேமராவை அணைத்துவிட்டு, கையில் கிளாஸோடு முழுக் கூட்டத்தையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. அடுத்த நாள் நான் நுழையவே இல்லை, அதுவும் யாருக்கும் தெரியவில்லை. தப்பு கூட்டத்துடையது அல்ல, என்னுடையதுதான். ஆனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துதானே தேர்ந்தெடுக்க வேண்டும்?

பக்கத்துக் கூட்டத்திலும் மூன்றாம் வாரமே மட்டம் போட்டேன். இரவு அந்தக் குழுவில் இருந்த ஒருவரிடமிருந்து போன் வந்தது. "என்ன தம்பி, ஆளைக் காணோம்?" குடித்தாயா என்று அவர் கேட்கவில்லை. "அடுத்த வாரம் அரை மணி முன்னாடியே வந்துடு, நாற்காலி போட ஆள் இல்லை" என்று மட்டும் சொன்னார். நாற்காலிக்கு ஆள் இல்லாமலா இருந்திருக்கும்! ஆனாலும் அடுத்த வாரம் போனேன், நாற்காலிக்காக.

ஏஏவில் வருகைப் பதிவேடு கிடையாது. ஒரே இடத்துக்கு, ஒரே கிழமையில், தொடர்ந்து போனால்தான் நீங்கள் வராதது ஒருவர் கண்ணில் படும். இதற்காகத்தான் ‘ஹோம் குரூப்’, அதாவது தவறாமல் போகும் சொந்தக் குழு, என்று ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மழையிலும் அலுப்பிலும் போய்ச் சேர முடிகிற தூரமாக இருந்தால்தான் தொடர்ந்து போவோம். நல்ல பேச்சாளர்கள் உள்ள தூரத்துக் கூட்டத்தைவிட, சுமாரான பக்கத்துக் கூட்டமே மேல் என்பேன். புதிதாக வருகிறவர்களிடம் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று சொல்வார்கள். நான் நாற்பதுக்கு மேல் நேரில் போனேன், மிச்சத்துக்குத் திரைதான் கைகொடுத்தது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2020-இல் வந்த தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தது. மற்ற சிகிச்சைகளைவிட, முறையாக ஏஏ பக்கம் வழிகாட்டப்பட்டவர்களில்தான் முழுமையாகக் குடியை விட்டு நிற்பவர்கள் கூடுதல் என்றது. நேரா திரையா என்ற என் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தேடும்போது பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். பழைய பட்டியல் ஒன்றைப் பார்த்துப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறேன். அந்த மனநிலையில் திரும்பும் வழி ஆபத்தானது. முதலில் போன் செய்து, கூட்டம் இப்போதும் நடக்கிறதா, எந்த வாசல் என்று கேளுங்கள். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்ததற்குத் துணைக்கு யாரையும் கூட்டிப்போகலாம், மூடியது குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். போனை எடுக்கிறவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவராகத்தான் இருப்பார், கூச்சம் வேண்டாம். குடும்பத்தாருக்கென்று 1951-இலிருந்தே அல்-அனான் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. மூடிய கூட்டத்தில் நம்மைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி இருக்காது. எங்கள் குழுவில் பெண்கள் மிகக் குறைவு. பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டத்தில்தான் தன்னால் வாய் திறக்க முடிந்தது என்று ஒரு அக்கா சொன்னார். அவரிடம் போய்ப் பக்கத்துக் கூட்டமே மேல் என்று நான் வாதாடவில்லை.