பேக்கார்டா, காடிலாக்கா, இம்பீரியலா? பழைய ஏசி கார்களில் எது தேவலை

கம்பெனியே ஏசி பொருத்தி விற்ற முதல் கார் என்ற பெருமை அமெரிக்கக் கம்பெனியான பேக்கார்டின் 1940 மாடலுக்குத்தான். அதில் பேச்சே இல்லை. ஆனால் கோடை வெயிலில் உட்கார்ந்து போக எது நல்லது என்று கேட்டால், என் ஓட்டு 1953 கிறைஸ்லர் இம்பீரியலுக்கு.

பேக்கார்டு ஏசிக்குத் தனியாக 274 டாலர் கேட்டது. சாதாரணப் புது கார் ஒன்றையே 700, 800 டாலருக்கு வாங்கிவிடக்கூடிய காலம் அது. சரி, பணம் இருக்கிறவர்கள் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் குளிர்விக்கும் சுருள்குழாய் (கூலிங் காயில்) பின்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய தொல்லை, குளிரூட்டும் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர். எஞ்சினோடு பெல்ட்டில் ஓடும், வேண்டாதபோது அதை எஞ்சினிலிருந்து விலக்கிவிட நடுவில் கிளட்ச் கிடையாது. உள்ளே இருப்பவர் கையில் இருந்தது பிளோயர் வேகம் மட்டும். காற்றை நிறுத்தினாலும் கம்ப்ரசர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, அந்த நீளமான பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். வெயில் திரும்பினால் மறுபடியும் பானெட், மறுபடியும் பெல்ட். கோட் சூட் போட்டுக்கொண்டு போகும் ஆள் செய்கிற வேலையா இது? 1941இல் காடிலாக்கும் சுமார் 300 கார்களில் ஏசி பொருத்திப் பார்த்தது. அதிலும் கிளட்ச் இல்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, இரண்டுமே நின்றுபோயின.

1953இல் காடிலாக் திரும்ப வந்தபோது விலை 600 டாலருக்கு மேல். ஃப்ரிட்ஜ் செய்யும் ஃப்ரிஜிடேர் ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தக் கம்பெனி என்பதால் ஏசியும் அந்தப் பெயரிலேயே வந்தது. யந்திரம் அப்போதும் டிக்கியில்தான். பின்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூலையிலிருந்தும் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் குழாய்கள் கூரைக்கு ஏறும். கூரையோரத் திறப்புகள் வழியாகக் குளிர்காற்று நேராகத் தலையில் இறங்கும். அரைமணி நேரம் தாண்டினால் கழுத்து விறைக்காதா?

இம்பீரியலில் வந்த ஏர்டெம்ப் என்ற கிறைஸ்லர் ஏசி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். டிக்கியில் இடம் பிடிப்பது இதிலும் உண்டு. ஆனால் கூரைக்கு ஏறும் குழாய் கிடையாது. பின்சீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திறப்புகள் காற்றைக் கூரையை நோக்கி வீசும். அது பரவி, மெல்ல எல்லோர் மீதும் இறங்கும். ஒரே சுவிட்ச்: மெதுவாக, நடுத்தரம், வேகமாக. 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொதிக்கும் காரை இரண்டே நிமிடத்தில் 85க்குக் கொண்டுவரும் என்று கிறைஸ்லர் மார்தட்டியது.

டிக்கியில் பெட்டி வைக்க வேண்டுமே என்பவர்களுக்கு, சொகுசு வரிசையில் சேராவிட்டாலும், 1954 நாஷ் அம்பாசிடர் இருக்கிறது. கெல்வினேட்டர் ஃப்ரிட்ஜ் செய்த அதே கம்பெனி. ஏசி முழுவதையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கி, ஹீட்டரையும் சேர்த்து, 345 டாலருக்குக் கொடுத்தது. இன்று ஓடும் கார்கள் பின்பற்றுவது இந்த ஏற்பாட்டைத்தான்.

ஆனால் கண்ணுக்கு அழகு என்றால் காடிலாக்தான். பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் அந்தக் குரோம் காற்றுவாயும், உள்ளே வெளிச்சம் பட்டு மின்னும் குழாய்களும் சேர்ந்து இந்த வரிசையில் வேறு எந்தக் காரில் உண்டு?