ஒரு மணி நேரமா, நான்கு கால்மணியா? பேச்சு, நாடக மாணவர்களின் அன்றாடப் பயிற்சி

காரைக்குடியில் பள்ளிப் பிள்ளைகள் 9 பேருக்குப் பேச்சும் நாடகமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் அவர்கள் நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சியை முதல் ஆண்டு விடியற்காலை ஒரு மணி நேரமாகவும், மறு ஆண்டு நான்கு கால்மணிகளாகவும் வகுத்துக் கொடுத்தேன். இரண்டையும் நடத்திப் பார்த்தபின் கால்மணி முறையையே வைத்துக்கொண்டேன்.

செலவு இரண்டுக்கும் இல்லை. மூச்சு, உச்சரிப்பு, உரக்க வாசித்தல், மனப்பாடம் என்ற பாடங்களும் ஒன்றே. விடியற்காலைக்கு அமைதி என்ற பலம் உண்டு.

கால்மணி முறையில் வெறும் வயிற்றில் மூச்சுப் பயிற்சி, பள்ளிக்குக் கிளம்புமுன் ல, ள, ழ, மாலையில் வாசிப்பு, இரவில் மனப்பாடம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'கிழவி' என்பதைக் 'கிளவி' என்றே சொல்வாள். நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொட்டால் ள, வளைந்து தொடாமல் நின்றால் ழ என்று காட்டியதும் பத்து முறை சரியாகச் சொன்னாள். நாக்கு சோர்ந்ததும் பழைய ள திரும்பிவிட்டது. ஒரே மூச்சாக நீட்டிக்கொண்டே போனால், சோர்ந்த நாக்கு பிழையைத்தான் பழகுகிறது.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பயிற்சி விட்டுப்போனால் மறுபடி தொடங்குவது எவ்வளவு எளிது என்பதே. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்தால் ஒலிபெருக்கியும் உறவினர் வரவுமாக வீடு நிறைந்துவிடும். 1939 முதல் நடந்துவரும் கம்பன் விழாவும் பங்குனியில்தான். ஆண்டுத் தேர்வும் அதை ஒட்டியே வரும். விடியற்காலை ஒரு மணி நேரம் தவறினால் அந்த நாளே போயிற்று. நான்கு நாள் போனபின் முழு மணி நேரத்தையும் மறுபடி எடுக்கப் பிள்ளைகள் மலைத்து, 'நாளையிலிருந்து' என்று தள்ளினார்கள். முதல் ஆண்டு திருவிழா முடிந்த கையோடு பயிற்சிக்குத் திரும்பியவர்கள் 3 பேர்தாம். கால்மணி முறையில் காலை தவறினாலும் மாலை இருக்கிறது. ஒரு வாரமே தவறியவனுக்கும் 15 நிமிடம் பயமுறுத்துவதில்லை. மறு ஆண்டு 8 பேர் அந்த வாரத்திலேயே திரும்பினார்கள். முடித்த ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடச் சொல்லியிருந்தேன்; 21 நாள் நாளுக்கோர் இழை எடுத்துவைத்துப் பிள்ளையார் நோன்பு நோற்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று.

எந்த முறையானாலும் பயிற்சியை வளவுக்குள், அதாவது செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், வைத்துக்கொள்ள வேண்டாம். வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் குரலை எதிரொலித்துப் பெரிதாக்குவதால், விழுங்கிய சொல்லிறுதி தெரிவதே இல்லை. முகப்புத் திண்ணையில் நின்று தெருவைப் பார்த்துப் பேசினால் உடனே தெரிந்துவிடும்.

நாடகத்துக்கு மட்டும் என் பரிந்துரையைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். விடிய விடிய வள்ளி திருமணம் நடிப்பவர்களுக்கு வேண்டிய குரல் தாங்குதிறன் கால்மணித் துண்டுகளால் வராது. உணர்ச்சி மிகுந்த வசனத்துக்குள் இறங்கவும் நேரம் பிடிக்கிறது. ஆகவே மேடையேற்றத்துக்கு முந்தைய மாதம் சனி, ஞாயிறுகளில் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துவிடுகிறேன். குரல் உடையும் வயதுப் பையன்கள் என்னிடம் இருவரே என்பதால், அவர்களுக்கு எது ஏற்றது என்று இன்னும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. இப்போதைக்கு அவர்களின் உரத்த வாசிப்பை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.