நாய்க்கு வாங்கிய குடல் பாக்டீரியா பொடி: வயிற்றுப்போக்குக்குச் சரி, கேன்சருக்கு இல்லை

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் தீர்ப்பு. காரைக்குடியில் இப்போது செல்லப்பிராணிக் கடைகளில் நாய்களுக்கான புரோபயாடிக் பொடி, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா கலந்த பொடி, கிடைக்கிறது, சாஷேயாகவும் டப்பாவாகவும். எங்கள் நாய் செவலைக்குக் கேன்சர் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாங்கினோம். வயிற்றுப்போக்கு அடங்கியது, சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் மறுபடி வந்தாள். அந்த அளவுக்கு வாங்கலாம். ஆனால் கடையில் இதை என்ன சொல்லி விற்கிறார்களோ அதற்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பிராண்ட் பெயரையோ கடைப் பெயரையோ போடப் போவதில்லை. நான் பார்த்த பொடிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

செவலை நாட்டு நாய், கழனிவாசல் பக்கத்தில் குட்டியாக இருக்கும்போதே வந்து சேர்ந்தவள். பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தது, தீட்டு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம், நிற்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இனச்சேர்க்கையில் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுகிற கட்டி என்றார். தெரு நாய்கள் நிறைய இருக்கும் நம் ஊர்களில் இது சாதாரணம். வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒரு முறை நரம்பில் போடுகிறார்கள், பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடமே புண்ணாகிவிடும் என்பதால், முன்னங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கித்தான் உட்கார்ந்திருப்போம். கூடவே ரத்தப் பரிசோதனையும் உண்டு, வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால்.

வேகமாகப் பெருகுகிற செல்லைத்தான் இந்த மருந்து அடிக்கும். குடலின் உட்சுவர் செல்லும் அப்படிப்பட்டது, அதனால்தான் ஊசி போட்ட ஓரிரு நாளில் வயிறு கலங்குகிறது. செக்காலை ரோட்டுக்குப் போய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது கடைப் பையன் சொன்னது இது: "அக்கா, குடல்ல நல்ல பாக்டீரியா இருந்தா கேன்சரே வராதுக்கா. இதைத் தொடர்ந்து குடுங்க, ஊசியைக்கூட நிறுத்திரலாம்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். செவலைக்கு வந்த கட்டி குடலில் முளைத்ததே இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் கேன்சர் செல்தான் இன்றைக்கு வரை நாய்க்கு நாய் தாவி உயிரோடு இருக்கிறது, உலகம் முழுக்க. அதற்குப் பொடி என்ன செய்யும்? குணமாகிற நோய்க்கு ஊசியை நிறுத்தச் சொல்வது விற்பனைப் பேச்சு இல்லை, ஆபத்து.

அப்படியென்றால் குடல் பாக்டீரியாவுக்கும் நாய்க் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆராய்ச்சியும் நடக்கிறது. லிம்ஃபோமா என்று ஒன்று, தாடைக்குக் கீழேயும் தோளுக்கு முன்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெறி கட்டிக்கொள்ளும், நாய்களுக்கு அதிகம் வருகிற கேன்சர்களில் ஒன்று. அந்த நாய்களின் மலத்தை ஆரோக்கியமான நாய்களின் மலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பாக்டீரியாக் கலவை மாறித்தான் இருக்கிறது. ஆனால் கலவை கெட்டதால் கேன்சர் வந்ததா, கேன்சர் வந்து சாப்பாடு குறைந்து மருந்து ஏறியதால் கலவை கெட்டதா? அந்த ஒப்பீட்டை வைத்து அதைச் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மனிதர்களுக்கான ஆராய்ச்சியை அப்படியே நாய்க்குப் பொருத்துவது இன்னொரு கோளாறு. ஃபியூசோபாக்டீரியம் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களில் அதன் ஒரு வகை பெருங்குடல் கேன்சர்க் கட்டிக்குள்ளேயே நிறையக் கிடைக்கிறது, அதனால் கெட்ட பெயர். நாய்க்கோ இந்த இனம் ஆரோக்கியமான குடலிலேயே ஏராளமாக இருக்கும், வயிறு கெட்டால்தான் குறைகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நாய் மலத்தை வைத்துக் குடல் சீர்கேட்டை எண்ணாகச் சொல்லும் ஒரு சோதனை உருவாக்கி 2017-இல் வெளியிட்டார்கள், 7 பாக்டீரியா வகைகளை அளக்கிறது. சுழியத்துக்குக் கீழே வந்தால் சரி, 2-க்கு மேலே போனால் சீர்கேடு. அதில் ஃபியூசோபாக்டீரியம் நல்லவர்கள் பட்டியலில் இருக்கிறது. இந்தச் சோதனைகூடக் குடலின் நிலையைத்தான் சொல்கிறது, கேன்சர் இருக்கிறதா என்று சொல்லாது.

அப்புறம் நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றதும் மருந்துக் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கி உடைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆரோக்கியமான நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே குறைத்திருக்கிறது, சில நாய்களுக்கு மாத்திரையை நிறுத்தி 4 வாரம் ஆகியும் பழைய நிலை திரும்பவில்லை. குடலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பொடி வாங்குவதற்கு முன் இதை நிறுத்தலாம்.

இனி பொடியைப் பற்றி. வெள்ளை நிறம், லேசாகப் பால் வாசனை, கோழி வேகவைத்த தண்ணீர் ஊற்றிப் பிசைந்த குழைசாதத்தில் தூவினால் செவலை முகம் சுளிக்காமல் நக்கிவிடுகிறாள். ஊசிக்குப் பிறகு வரும் வயிற்றுப்போக்கு பல நாய்களுக்குச் சில நாளில் தானாகவும் நிற்கும், அதனால் முழுப் பெருமையும் பொடிக்கு இல்லை. நாய்களின் திடீர் வயிற்றுப்போக்கில் நடந்த சில சோதனைகளில் புரோபயாடிக் கொடுத்தவை ஒரு நாள் போல முன்னதாகத் தேறின, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. எதிர்பார்ப்பை அந்த அளவில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எனக்குப் பிடிக்காதது லேபிள். லாக்டோபேசில்லஸ் என்று இனத்தின் பெயரோடு விட்டுவிட்டார்கள். ஒரே இனத்துக்குள் எத்தனையோ வகை, ஒவ்வொன்றின் குணமும் வேறு, எந்த வகை என்ற குறியீடு இல்லாவிட்டால் அது சோதித்துப் பார்த்த சரக்கா என்று எப்படித் தெரியும்? கோடிக் கணக்கில் உயிரணு என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, பொடியெழுத்தில் "தயாரிக்கும்போது" என்று இருக்கிறது. காலாவதித் தேதி வரை எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதல்லவா வேண்டும்? 25 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அச்சடித்த டப்பாவை, மேற்கு வெயில் நேரே விழும் கண்ணாடி அலமாரியில் சித்திரை மாதத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் உள்ளே அட்டைப் பெட்டியில் இருந்த சரக்கைக் கேட்டு வாங்கினேன். நீங்களும் கேளுங்கள்.

முக்கியமாக, ஊசி நடக்கும்போது டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கும்போது உயிருள்ள பாக்டீரியா எதுவுமே யோசித்துக் கொடுக்க வேண்டியது. எங்கள் டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் சரி என்றார். வேகவைக்காத இறைச்சியும் அந்த நாட்களில் கூடாது.

பக்கத்து வீட்டு ஆச்சி, "பொடி எதுக்குத்தா, தயிர்சாதம் போட்டா குளிர்ச்சிதானே" என்றார்கள். புளிக்காத தயிர் கொஞ்சம் ஒத்துக்கொள்கிற நாய்க்குக் கொடுக்கலாம், கேன்சருக்கு அதுவும் மருந்தில்லை. ஆனால் ஆச்சி பாசத்தில் ஊற்றுகிற குழம்புதான் எனக்குப் பயம். நம் செட்டிநாட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் இறங்கியிருக்கும் நாய்க்கு அது பொடி சரிசெய்கிற விஷயமில்லை. சொன்னதும் ஆச்சி புரிந்துகொண்டார்கள், இப்போது கவுச்சி எடுக்கிற அன்றைக்கு மசாலா போடும் முன்னே நாலு துண்டு தனியாக வெந்து வருகிறது.

கேன்சரைத் தடுக்கத்தான் காசு செலவழிக்க வேண்டுமென்றால் பெட்டை நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யுங்கள். முதல் தீட்டுக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது, கண்ட நாயோடு சேராததால் செவலைக்கு வந்த கட்டிக்கும் வழி பெருமளவு அடைபடும். செவலைக்கு ஊசி முடிந்து உடம்பு தேறியதும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

வயிற்றுக்கு என்றால் ஐந்துக்கு மூன்றரை, லேபிளுக்கு ஒன்று. விற்கிற பேச்சுக்கு மார்க்கே கிடையாது. இன்னொரு டப்பா வாங்குவேனா? வயிறு கலங்கினால் வாங்குவேன், வகைக் குறியீடு அச்சடித்த கம்பெனியாகப் பார்த்து.