பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் எண்: தையல், எம்பிராய்டரி இரண்டும் செய்யும் இயந்திரத்தோடு இரண்டு ஆண்டுகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் முதல் எம்பிராய்டரி இயந்திரத்தை வாங்கியபோது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த மூன்று எண்களைத்தான் மாற்றி மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்: எத்தனை வகைத் தையல்கள், உள்ளே எத்தனை டிசைன்கள், எத்தனை எழுத்துருக்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் அந்த மூன்றில் எதுவும் எனக்குப் போதாமல் போனதில்லை. போதாமல் போனது, பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்த நான்காவது எண். அது ஹூப்பின், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தின் அளவு.

நான் வாங்கியது, சாதாரணத் தையலும் எம்பிராய்டரியும் ஒரே உடம்பில் செய்யும் கூட்டு வகை. இடப்பக்கத்தில் இருக்கும் தட்டைக் கழற்றிவிட்டு எம்பிராய்டரிப் பகுதியை அதே இடத்தில் செருகினால், அதிலுள்ள கை ஹூப்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும். ஊசி தன் இடத்திலேயே ஏறி இறங்கும். துணியை இழுப்பது அடியிலுள்ள பற்கள் அல்ல, ஹூப்தான் என்பதால், அந்தக் கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் நம் டிசைனின் எல்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கான மெமரி கிராஃப்ட் 8000 இயந்திரத்தை ஜனோமி நிறுவனம் 1990-இல் வெளியிட்ட காலத்திலிருந்து திரையும் கோப்பும் எவ்வளவோ மாறிவிட்டன, இந்த அடிப்படை மட்டும் மாறவில்லை.

தொடக்க நிலைக் கூட்டு இயந்திரங்களில் பரவலாகக் கிடைப்பது 4-க்கு 4 அங்குலம், அதாவது 100-க்கு 100 மில்லிமீட்டர். பிரதர் நிறுவனத்தின் எஸ்.இ. 600 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 103 தையல் வகைகள், 80 டிசைன்கள், 4 அங்குல ஹூப். அதே நிறுவனத்தின் எஸ்.இ. 1900, 5-க்கு 7 அங்குலம், அதாவது 130-க்கு 180 மில்லிமீட்டர் தருகிறது. நீளத்தில் மூன்று அங்குலமும் அகலத்தில் ஒன்றும்தானே கூடுதல் என்று நானும் நினைத்தேன். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 10,000 சதுர மில்லிமீட்டர், இரண்டாவது 23,400. இரண்டேகால் மடங்குக்கும் அதிகம்.

இது நடைமுறையில் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிறேன். சட்டைப்பை மேல் ஒரு சின்னம், கைக்குட்டையின் மூலையில் ஒரு பூ, குழந்தையின் கழுத்துத்துணியில் ஒரு யானை: இவற்றுக்கு 100 மில்லிமீட்டர் தாராளம். தலையணை உறையில் ஒரு முழுப் பெயரை ஓர் அங்குல உயரத்தில் எழுதப் போனால் நான்காவது எழுத்திலேயே இடம் தீர்ந்துவிடுகிறது. ஒருமுறை 104 மில்லிமீட்டர் அகலமுள்ள டிசைன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றினேன். நான்கே மில்லிமீட்டர் கூடுதல் என்பதற்காக இயந்திரம் அதைத் திறக்கவே மறுத்துவிட்டது. கணினியில் சுருக்கலாம். ஆனால் தையல் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடாத மென்பொருளில் சுருக்கினால், அதே அளவு நூல் சிறிய இடத்தில் நெருக்கியடித்து விழுந்து, பூவிதழ் அட்டை போல விறைத்துவிடும்.

பல நிலை ஹூப் என்று ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். அது சட்டத்தின் நீளத்தைத்தான் கூட்டுகிறது. ஒரு நேரத்தில் இயந்திரம் தைக்கும் பரப்பு அதே 100 மில்லிமீட்டர்தான். டிசைனை மென்பொருளில் இரண்டாக வெட்டி, முதல் பாதியைத் தைத்து, ஹூப்பின் கொக்கியை அடுத்த நிலைக்கு மாற்றி, இரண்டாம் பாதியைத் தொடர வேண்டும். என் கையில் அது இதுவரை ஒரு தடவைதான் சரியாகச் சேர்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், நீளமான கொடியின் நடுவில் ஒடிந்த கிளை போல அந்த இடம் கண்ணில் குத்தும்.

கூட்டு வகையா, எம்பிராய்டரிக்கு மட்டுமான தனி வகையா என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே நன்றாக ஓடும் தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறவர் கூட்டு வகையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதே தொகைக்கு எம்பிராய்டரி மட்டும் செய்யும் இயந்திரத்தில் பெரும்பாலும் ஒரு படி பெரிய ஹூப் கிடைத்துவிடும்: பிரதரின் பி.இ. 800 தையல் பகுதி இல்லாமல் 5-க்கு 7 அங்குலம் தருகிறது, ஜனோமியின் மெமரி கிராஃப்ட் 500இ 200-க்கு 280 மில்லிமீட்டர் வரை போகிறது. ஒரே மேசைக்குத்தான் இடம், இரண்டு வேலையும் வேண்டும் என்கிறவருக்குக் கூட்டு வகை பொருந்தும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எம்பிராய்டரிப் பகுதி, துணியை அழுத்தும் பாதம், ஊசி, மேல்நூல், அடியில் பாபின் என்ற சிறு உருளையில் சுற்றிய நூல் ஆகிய ஐந்தையும் மாற்ற வேண்டியிருப்பதால், எனக்குப் பத்து நிமிடமாவது பிடிக்கிறது. இயந்திரம் பூவை நிரப்பிக்கொண்டிருக்கும் முக்கால் மணி நேரத்தில், பக்கத்தில் பிரிந்து கிடக்கும் ஓர் ஓரத்தை மடித்து அடிக்கவும் வழியில்லை. வாங்குவதற்கு முன்பு இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எஸ்.இ. 600 எம்பிராய்டரியில் நிமிடத்துக்கு 400 தையல்கள் போடும், எஸ்.இ. 1900 அதில் 650 வரை போகும். 12,000 தையல்கள் கொண்ட ஒரு டிசைன் முதலாவதில் 30 நிமிடம், இரண்டாவதில் ஏறத்தாழ 19 நிமிடம். கணக்கில் வராத நேரம் வேறு இடத்தில் போகிறது. இவையெல்லாம் ஓர் ஊசி இயந்திரங்கள். ஆறு நிறப் பூ என்றால் ஐந்து முறை இயந்திரம் நின்று கூப்பிடும், ஐந்து முறையும் நாமே எழுந்து போய் நூல் மாற்ற வேண்டும். அடுப்பில் பால் வைத்துவிட்டு இதில் உட்காரக் கூடாது.

அந்த நூல் மாற்றும் இடத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் மனம் உடைகிறார்கள், நானும் உடைந்தேன். முதல் வாரத்தில் துணியைத் திருப்பினால் அடியில் குருவிக்கூடு போல நூல் சுருண்டு கிடக்கும், பாபினை எடுக்கவே கத்தரி வேண்டியிருக்கும். பாபின்தான் கெட்டுவிட்டது என்று மூன்று பாபின் மாற்றினேன். கோளாறு மேலே இருந்தது. பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு மேல்நூல் கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடியே இருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவில் இறங்காமல் மேலோடு வழுக்கிப் போய்விடும். பிடிப்பில்லாத மேல்நூல்தான் அடியில் போய்க் குவிகிறது. பாதத்தைத் தூக்கி, நூலை இரு கையாலும் பிடித்து, தட்டுகளுக்கிடையே இழுத்து இறக்கிய பிறகு, பாதத்தை இறக்கி நூலை இலேசாக இழுத்துப் பாருங்கள். தடை தெரிந்தால் சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள். அன்று முதல் அந்தக் கூடு நான்கைந்து முறைதான் வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் அவசரத்தில் கோத்த நூல்தான் காரணம்.

இயந்திரத்தின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டிய பொருள்கள் சில உண்டு. எம்பிராய்டரிக்கு 40-ஆம் எண் பாலியெஸ்டர் அல்லது ரேயான் மேல்நூல், பாபினுக்கு 60-ஆம் எண் மெல்லிய நூல், 75/11 அளவு எம்பிராய்டரி ஊசி. ஊசிகளைக் கட்டாகவே வாங்கிவிடுங்கள். நூல் அடிக்கடி அறுந்தால் நான் முதலில் மாற்றுவது ஊசியைத்தான். பாபினைப் பொறுத்தவரை கையேட்டில் சொன்ன உயரத்தையே பாருங்கள். பிரதரின் இந்த வகைகளுக்கு 11.5 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் பாபின். பார்வைக்கு அதே போல் இருக்கும் வேறு உயரப் பாபினைப் போட்டுவிட்டு, இயந்திரம் கடகடவென்று சத்தம் போடுகிறதே என்று நான் ஒரு நாள் முழுக்கப் புலம்பியிருக்கிறேன்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது துணிக்கு அடியில் வைக்கும் தாங்குதாள், கடைகளில் ஸ்டெபிலைசர் என்று கேட்டால் தருவார்கள். கிழித்தெடுக்கும் வகை, வெட்டிவிட்டு மீதியைத் துணியோடே விட்டுவிடும் வகை, தண்ணீரில் கரையும் வகை என மூன்றும் தொடக்கத்திலேயே கையில் இருக்கட்டும். இழுபடாத பருத்தித் துணிக்குக் கிழிக்கும் வகை போதும். பனியன் துணிக்கு வெட்டும் வகையைத் தவிர வேறெதுவும் நிற்காது. துவாலையில் தைக்கும்போது கரையும் தாளில் ஒன்றைத் துணியின் மேலேயும் வைத்தால்தான், நூல் அதன் முடிக்குள் புதைந்து போகாமல் மேலே நிற்கும்.

நான் வாங்கிய கடையில் இதைத்தான் மறைத்தார்கள், அல்லது அவர்களுக்கே தெரியவில்லை. செய்து காட்டுவதற்கு அவர்கள் எடுத்தது, கஞ்சி போட்டது போல விறைப்பாக இருந்த தடித்த துணி. அதன் மேல் எந்த இயந்திரமும் அழகாகத்தான் தைக்கும். நானும் மயங்கி வாங்கிவந்து, வீட்டில் ஒரு பனியனை ஹூப்பில் மத்தளத்தோல் போல இழுத்து மாட்டி, அடியில் கிழிக்கும் தாளை வைத்து ஒரு மீனைத் தைத்தேன். ஹூப்பில் இருக்கும்வரை மீன் மீனாகவே இருந்தது. கழற்றியதும் இழுபட்டிருந்த துணி சுருங்க, மீனைச் சுற்றிலும் ஓடைக்கரை போலச் சுருக்கம் விழுந்துவிட்டது. அந்தப் பனியன் இப்போது இயந்திரத்தைத் துடைக்கப் பயன்படுகிறது. இழுபடும் துணியை ஹூப்பில் இழுக்கவே கூடாது. தாளை மட்டும் ஹூப்பில் இறுக்கிவிட்டு, துணியை அதன் மேல் ஒட்டி வைத்துத் தைப்பதே நல்லது.

தமிழில் பெயர் எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. என் இயந்திரத்தின் உள் எழுத்துருக்களில் தமிழ் இல்லை, ஆகவே எழுத்துரு எண்ணிக்கையைப் பார்த்து வாங்கியது வீணாயிற்று. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருளோடு இங்க்/ஸ்டிச் என்ற இலவச இணைப்பைச் சேர்த்து, தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைகோடாக மாற்றி, அதிலிருந்து தையல் கோப்பை உருவாக்கலாம். பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. 'ஞ', 'ணை' போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகள் 12 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் சுழி அடைத்துக்கொள்கிறது, ஆகவே தமிழ்ப் பெயருக்கு இடம் கூடுதலாக வேண்டும். மறுபடியும் ஹூப்பிடமே வந்து நிற்கிறோம். கோப்பு வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பிரதருக்குப் பி.இ.எஸ்., ஜனோமிக்கு ஜெ.இ.எஃப். பல இயந்திரங்கள் படிக்கும் டி.எஸ்.டி. கோப்பில் நிற விவரம் முறையாகப் பதிவாகாது. திரையில் பச்சை முகத்தோடு ஒரு குழந்தை தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

தையல் பகுதி பற்றிச் சொல்ல அதிகமில்லை. நேர்த்தையல், ஜிக்ஜாக், பட்டன் துளை மூன்றும் துல்லியமாக விழுகின்றன. இத்தனை தையல் வகைகளில் நான் பயன்படுத்தியவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். தடித்த ஜீன்ஸ் ஓரம் நான்கு மடிப்பாகச் சேரும் இடத்தில் என் இயந்திரம் திணறுகிறது. அப்படிப்பட்ட தையலே உங்கள் முதன்மை வேலையென்றால் இது உங்களுக்கான பொருளல்ல.

இன்று மறுபடி வாங்குவதானால், கூட்டு வகையில் 5-க்கு 7 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் எடுக்க மாட்டேன்; கையில் இருக்கும் தொகை அதற்கு எட்டவில்லையென்றால் சில மாதம் பொறுத்திருப்பேன். கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்தே ஒரு பழைய பனியனையும், நான்கு நிறமுள்ள ஒரு டிசைனைப் பென் டிரைவிலும் எடுத்துச் செல்வேன். அவர்கள் துணி வேண்டாம், இதில் தைத்துக் காட்டுங்கள் என்று கேட்டு, தைத்து முடித்ததும் முன்பக்கத்தைப் பார்க்காமல் முதலில் துணியைத் திருப்பிப் பார்ப்பேன். அடர்ந்த பட்டைத் தையலின் பின்புறத்தில், நடுவே மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலின் வெள்ளைக் கோடும், அதன் இருபுறமும் மேல்நூலின் நிறமும் தெரிய வேண்டும்.